வளையத்தில் ஏறிய புரோமீன்: அரோமற்றிக் புரோமோ சேர்வைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் சேதன இரசாயனம் தொடங்கியதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதலில் செய்வது, தாக்கங்களை எல்லாம் பெரிய தாளில் எழுதிப் படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டுவதுதான். அல்கேனுக்கும் அல்கீனுக்கும் அது ஓரளவு கைகொடுக்கும். பென்சீன் வளையத்தில் புரோமீன் ஏறிய சேர்வைகளுக்கு வந்ததும் அந்தத் தாள் காலை வாரிவிடும். ஒரு கேள்வியில் புரோமீன் அசையவே மாட்டேன் என்று நிற்கும். அடுத்த கேள்வியில் மக்னீசியத்தைக் கண்டவுடன் பிணைப்பை விட்டு இறங்கும். மனப்பாடத்துக்கு இது முரண்பாடு. பிணைப்பைப் பார்த்தால் முரண்பாடே இல்லை.

இந்த வழிகாட்டியின் சாரம் ஒன்றுதான். வளையத்துக்கும் புரோமீனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு படலைக் கொளுக்கி மாதிரி. ஆடுமாடு முட்டினால் திறக்காது, கை வைத்துத் தூக்கினால் சட்டென்று திறக்கும். முட்டுகிறது யார், தூக்குகிறது யார் என்று தெரிந்துவிட்டால் மீதிக் கேள்விகள் தாமே விழும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பல்கலைக்கழக முதலாம் ஆண்டில் இருப்பவர்களுக்கும் சில இடங்கள் உதவும்.

முதல் வேலை: புரோமீன் எங்கே இருக்கிறது?

கட்டமைப்பு ஒன்றைக் கண்டவுடன் பேனாவை எடுக்காதீர்கள். புரோமீன் எந்தக் காபனில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வளையக் காபனில் நேரே இருந்தால் அது அரைல் புரோமைட்டு. புரோமோபென்சீன் அதன் எளிய உறுப்பினர். வளையத்தை ஒட்டிய பக்கச் சங்கிலியின் காபனில் இருந்தால் அது பென்சைல் புரோமைட்டு வகை. இரண்டிலும் ஒரு வளையம், ஒரு புரோமீன். ஆனால் குணத்தில் ஒன்று ஊமை, மற்றது வாயாடி. பென்சைல் புரோமைட்டுப் போத்தலின் மூடியைத் திறந்தாலே கண்ணீர் வரும். புரோமோபென்சீன் அப்படி எதுவும் செய்யாது.

மூன்றாவது கூட்டமும் உண்டு: மூலக்கூறில் வளையமும் இருக்கும், புரோமீனும் இருக்கும், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. நுளம்புவலைக்குப் பூசும் டெல்டாமெத்திரினை எடுங்கள். அதில் இரண்டு பென்சீன் வளையங்கள் உள்ளன, இரண்டு புரோமீன் அணுக்களும் உள்ளன. புரோமீன் இரண்டும் வளையத்துக்கு வெளியே ஓர் இரட்டைப் பிணைப்புக் காபனில் தொங்குகின்றன. அதை அரைல் புரோமைட்டு என்று எழுதினால் புள்ளி போகும்.

இந்த மூலகம் எங்கிருந்து வருகிறது

1826 இல் பிரான்சின் மொன்பெலியேயில் அன்ரூவான் பலார் என்ற இளைஞர் உப்பளக் கழிநீரிலிருந்துதான் புரோமீனைக் கண்டுபிடித்தார். கடல்நீரை வெயிலில் காயவிட்டுச் சாப்பாட்டு உப்பைப் பளிங்காக எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்பு நீர் அது. அதே நீர் ஆனையிறவு உப்பளத்திலும் மிஞ்சுகிறது. சாதாரண கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் புரோமைட்டுத்தான். உப்பு விளைந்து முடிந்த கசப்பு நீரில் அது பல மடங்கு செறிந்துவிடும். அந்த நீரினுள் குளோரீன் வாயுவைச் செலுத்தினால் குளோரீன் புரோமைட்டிடமிருந்து இலத்திரனைப் பறித்து, புரோமீனை வெளியே தள்ளும். கைத்தொழிலில் புரோமீன் எடுப்பதும் இந்த வழியில்தான்.

குளோரீனும் தூரத்தில் இருக்கவில்லை. அதே பக்கம் இருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்புநீரை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் தயாரித்தது. போர் அதை மூடிவிட்டது. அங்கே புரோமீன் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியாக வரும் இடப்பெயர்ச்சித் தாக்கத்தின் இரண்டு சரக்கும் கிளிநொச்சி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன என்று சொன்னால் பிள்ளைகள் அந்தச் சமன்பாட்டை மறப்பதில்லை.

பௌதிக இயல்புகள்: சுருக்கமாக

புரோமோபென்சீன் நிறமற்ற திரவம். கொதிநிலை 156 பாகை செல்சியஸ், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.5 கிராம். நீரில் கரையாது. பிரிபுனலில் நீரோடு குலுக்கினால் அது கீழே போய் நிற்கும், பென்சீனோ மேலே மிதக்கும். செய்முறையில் மேல்படையை வைத்துக்கொண்டு கீழ்ப்படையை ஊற்றிவிடுகிற பிள்ளை, விளைவைத்தான் ஊற்றுகிறது. குளோரோபென்சீன் 132 பாகையிலும் அயடோபென்சீன் 188 பாகையிலும் கொதிக்கும். அலசன் பெரிதாகப் பெரிதாக இலத்திரன் முகில் இளகி, மூலக்கூறுகளுக்கிடையிலான இலண்டன் விசைகள் கூடுவதே காரணம்.

உருகுநிலையில் சமச்சீர்தான் ராசா. 1,4-இருபுரோமோபென்சீன் 87 பாகையில் உருகும் பளிங்கு. அதன் ஓதோ (1,2), மெற்றா (1,3) சகோதரங்கள் அறை வெப்பநிலையில் திரவங்கள். கொதிநிலையோ மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆகவே கலவையைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பது வீண்வேலை, குளிரவிட்டுப் பளிங்காக்கினால் பரா (1,4) தானாக வெளியே வரும்.

மூலக்கூறுகளின் திணிவைக் காட்டும் திணிவு நிறமாலையில் புரோமீனுக்கு ஒரு கையெழுத்து உண்டு. இயற்கையில் புரோமீன்-79, புரோமீன்-81 என்ற இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. அதனால் புரோமோபென்சீன் 156 இலும் 158 இலும் ஒரே உயரத்தில் இரண்டு உச்சிகள் தரும். இரண்டு புரோமீன் இருந்தால் 1:2:1 என்ற விகிதத்தில் மூன்று உச்சிகள்.

வளையத்தில் ஏற்றுவது எப்படி

பென்சீனோடு வெறும் புரோமீனைக் கலந்து வைத்தால் எதுவும் நடக்காது. வளையத்தின் ஆறு இலத்திரன்களும் ஒன்றாகப் பரவி உறுதியாக இருக்கின்றன; இதுவே அரோமற்றிக் தன்மை. அந்த உறுதியைக் குலைக்கப் புரோமீன் மூலக்கூறுக்குத் தனியே திராணி இல்லை. இரும்புத் தூளைப் போடுங்கள். இரும்பு முதலில் புரோமீனோடு சேர்ந்து பெரிக் புரோமைட்டு ஆகும். அது இன்னொரு புரோமீன் மூலக்கூறின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, மறுமுனை நேரேற்றம் பெறும். அந்த முனையைத்தான் வளையம் தாக்குகிறது. இடையில் நேரேற்றமுள்ள ஓர் இடைநிலை உருவாகி, ஐதரசனை இழந்து, வளையம் பழைய உறுதிக்குத் திரும்பும். வெளியேறும் ஐதரசன் புரோமைட்டு ஈரக்காற்றில் வெண்புகையாகத் தெரியும்.

தொலுயீனில் ஒரு பொறி இருக்கிறது. இரும்பும் இருட்டும் என்றால் புரோமீன் வளையத்தில் ஏறும்; வெயிலோ கொதிவெப்பமோ என்றால் பக்கத்து மெதைல் கூட்டத்தில் ஏறும். முதலாவது அயன் வழி, இரண்டாவது சுயாதீன மூலிக வழி. வினாத்தாளில் "சூரிய ஒளி முன்னிலையில்" என்ற மூன்று சொல்லைக் கவனிக்காமல் போகிறவர்கள் ஏராளம்.

பீனோலும் அனிலீனும் வேறு சாதி. ஒட்சிசனின் அல்லது நைதரசனின் தனிச்சோடி இலத்திரன்கள் வளையத்தினுள் இறங்கி அதை அவ்வளவு தூரம் உசுப்பிவிடுவதால் ஊக்கியே வேண்டாம். பீனோலின் நீர்க்கரைசலில் புரோமீன் நீரைத் துளித்துளியாக விடும்போது கவனித்துப் பாருங்கள். முதல் துளிகளின் செம்மஞ்சள் நிறம் விழுந்த இடத்திலேயே மறையும். அந்த இடத்தில் ஒரு வெண்கலங்கல் தோன்றும், குலுக்கினால் காணாமல் போகும். இன்னும் சில துளிகளில் கலங்கல் நிலைத்து, பஞ்சு போன்ற வெள்ளை வீழ்படிவாக அடியில் இறங்கும். அதுதான் 2,4,6-முப்புரோமோபீனோல். புரோமீன் நீரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டே போனால் வீழ்படிவு மஞ்சள் பூசிக்கொள்ளும். நான்காவது புரோமீனும் புகுந்து வளையத்தின் அரோமற்றிக் தன்மையே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

திரவப் புரோமீன் இல்லாத பாடசாலைக்கு நல்ல மாற்றுவழி பொற்றாசியம் புரோமேற்றும் பொற்றாசியம் புரோமைட்டும். அமிலம் சேர்த்தவுடன் ஒரு மூல் புரோமேற்று, ஐந்து மூல் புரோமைட்டோடு தாக்கி மூன்று மூல் புரோமீன் தரும். பீனோலுக்குத் தேவையும் மூன்றுதான். ஆக 0.94 கிராம் பீனோலுக்கு 1.67 கிராம் புரோமேற்றும் 5.95 கிராம் புரோமைட்டும் கணக்கு. முழுவதும் தாக்கினால் 3.31 கிராம் முப்புரோமோபீனோல் கிடைக்க வேண்டும். பீசமானத்தையும் (தாக்க அளவுகளின் கணக்கு) இதையும் ஒரே நாளில் படிப்பித்துவிடலாம்.

மூன்று வேண்டாம், ஒன்று போதும் என்றால்? பீனோலை நீரில் அல்லாமல் காபனிருசல்பைட்டில் கரைத்து, குளிர்ந்த நிலையில் தாக்கவிட்டால் பெரும்பாலும் 4-புரோமோபீனோல் வரும். அனிலீனுக்கு வாய்ப்பூட்டுப் போடவேண்டும்: அசற்றிக் நீரிலியோடு சேர்த்து அசற்றனிலைட்டு ஆக்குங்கள். நைதரசனின் தனிச்சோடியை இப்போது காபனைல் கூட்டமும் பங்குகேட்பதால் வளையத்தின் வேகம் தணியும். கூட்டம் பருத்திருப்பதால் ஓதோ இடமும் நெருக்கடி. புரோமீன் பராவில் ஏறியதும் நீர்ப்பகுப்புச் செய்து அசற்றைல் கூட்டத்தைக் கழற்றினால் 4-புரோமோஅனிலீன் கையில்.

நேரே ஏற்ற முடியாத இடங்களுக்கு 1884 இல் சான்ட்மையர் காட்டிய வழி இருக்கிறது. அனிலீனை 0 முதல் 5 பாகைக்குள் நைத்திரசு அமிலத்தோடு ஈரசோனியம் உப்பாக்கி (வளையத்தில் இரண்டு நைதரசன் சேர்ந்து நிற்கும் உப்பு), செம்பு(ஒன்று) புரோமைட்டோடு சேர்த்தால் நைதரசன் குமிழியாகப் பறந்து, அந்த இடத்தில் புரோமீன் அமரும். வன்னி வெக்கையில் ஐந்து பாகைக்குள் வைத்திருப்பதுதான் பெரிய பாடு. மீன்வாடியில் வாங்கும் ஐஸை நொறுக்கி உப்புத் தூவினால் தாராளமாக இறங்கும்.

எதை முதலில் போடுவது

இதுதான் அதிகம் கேட்கப்படும் பகுதி, அதிகம் பிழைவிடும் பகுதியும். புரோமீன் ஏறிய வளையம் பென்சீனைவிட மந்தமானது. நைத்திரேற்றம் ஏறத்தாழ முப்பது மடங்கு மெதுவாக நடக்கும். ஆனாலும் அடுத்து வருகிறவரை ஓதோவுக்கும் பராவுக்கும்தான் அனுப்பும். புரோமீன் மின்னெதிர்த்தன்மையால் வளையத்திலிருந்து இலத்திரனை இழுக்கிறது, அதனால்தான் மந்தம். அதே நேரம் ஓதோ, பரா இடத்தில் தாக்கம் நடந்தால் தோன்றும் நேரேற்றத்துக்குத் தன் தனிச்சோடியைப் பரிவு (இலத்திரன்களை வளையத்தோடு பகிர்தல்) மூலம் கொடுத்துத் தாங்குகிறது. மெற்றாவில் தாங்க வழியில்லை. இழுப்பது வேகத்தைத் தீர்மானிக்கிறது, கொடுப்பது இடத்தைத் தீர்மானிக்கிறது. புரோமோபென்சீனை நைத்திரேற்றினால் பரா ஏறத்தாழ 62 சதவீதம், ஓதோ 37 சதவீதம், மெற்றா ஒன்று அளவில்.

ஆகவே 4-புரோமோநைத்திரோபென்சீன் வேண்டுமானால் முதலில் புரோமீன், பிறகு நைத்திரோ. 3-புரோமோநைத்திரோபென்சீன் வேண்டுமானால் முதலில் நைத்திரோ, பிறகு புரோமீன். பென்சோயிக் அமிலத்திலும் இதே தந்திரம்: தொலுயீனைப் புரோமீனேற்றிப் பிரித்து ஒட்சியேற்றினால் பரா, ஒட்சியேற்றிய பிறகு புரோமீனேற்றினால் மெற்றா.

இனி ஒரு கடினமான கணக்கு: 1,3,5-முப்புரோமோபென்சீன். மூன்று புரோமீனும் ஒன்றுக்கொன்று மெற்றா. புரோமீன் ஒருபோதும் அடுத்தவரை மெற்றாவுக்கு அனுப்பாது என்று இப்போதுதான் பார்த்தோம். தீர்வு, அமைன் கூட்டத்தை வாடகைக்கு எடுப்பது. அனிலீனைப் புரோமீன் நீரோடு சேர்த்தால் 2,4,6-முப்புரோமோஅனிலீன். அமைனை ஈரசோனியமாக்கி, உபபொசுபரசு அமிலத்தோடு தாக்கினால் அது கழன்று அந்த இடத்தில் ஐதரசன் வரும். மூன்று புரோமீனும் வைத்த இடத்திலேயே நிற்கும். இந்தத் தொகுப்பைத் தானாகக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குச் சேதனத்தில் இனிப் பயமில்லை.

முட்டினால் திறக்காது

"சேர், புரோமீன் இருக்குதுதானே? பிறகேன் சில்வர் நைத்திரேற்று விட்டாலும் வெளிர்மஞ்சள் வீழ்படிவு வரேல்லை?" இந்தக் கேள்வி எந்த வகுப்பிலும் வரும், வரவும் வேண்டும்.

"இருக்கிறது வேற, வெளியில வாறது வேற, தம்பி. வெள்ளி அயனுக்குத் தேவை புரோமைட்டு அயன்."

சோடியம் ஐதரொட்சைட்டோடு கொதிக்கவைத்தாலும் புரோமோபென்சீன் புரோமைட்டு அயனை விடாது. காரணங்கள் இவை. புரோமீனின் தனிச்சோடி வளையத்தோடு பரிவில் ஈடுபட்டுப் பிணைப்புக்குப் பகுதி இரட்டைத் தன்மை தருகிறது. வளையக் காபன் எஸ்பி2 கலப்பு என்பதால் பிணைப்பு குறுகி இறுகியது. கருநாடி (ஐதரொட்சைட்டு போன்ற இலத்திரன் மிகுந்த தாக்கி) பின்பக்கமாக வந்து முட்டலாம் என்றால் அங்கே வளையமே சுவராக நிற்கிறது. புரோமைட்டு தானாக விலகலாம் என்றாலோ மிஞ்சும் பீனைல் நேரயன் மிக உறுதியற்றது. பென்சைல் புரோமைட்டுக்கு இந்தத் தடை ஒன்றும் இல்லை. அது உடனே வீழ்படிவு தரும். இரண்டையும் வேறுபடுத்தும் சோதனை இதுதான்.

ஓதோவிலும் பராவிலும் நைத்திரோ கூட்டங்கள் இருந்தால் கதை மாறும். கருநாடி முதலில் வளையத்தில் ஒட்டிக்கொள்ள, வந்த மறையேற்றத்தை நைத்திரோ வாங்கிக்கொள்ளும். பிறகு புரோமைட்டு வெளியேறும். மெற்றாவிலுள்ள நைத்திரோவால் அப்படி வாங்க முடியாது.

தூக்கினால் திறக்கும்

உலோகங்கள்தான் அந்தக் கை. உலர்ந்த ஈதரில் மக்னீசியத்தோடு புரோமோபென்சீன் பீனைல்மக்னீசியம் புரோமைட்டு ஆகும். இதுவே கிரினாட் சோதனைப்பொருள். விக்ரர் கிரினாட் இதற்காக 1912 இல் நோபல் பரிசு பெற்றார். இதுவரை இலத்திரன் குறைவாக இருந்த காபன் ஒரே அடியில் இலத்திரன் மிகுந்த காபனாகிவிடுகிறது. மக்னீசியமும் ஆனையிறவுக் கசப்பு நீரில் உள்ள சரக்குத்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஈதர் 34.6 பாகையில் கொதிக்கும். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் வன்னியின் காற்றே அந்த வெப்பநிலையைத் தாண்டும். மேசையில் வைத்த ஈதர் அடுப்பில்லாமலே ஆவியாகும், ஆவி தீப்பற்றும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம். நான்கு துளி நீர் போதும், 1.57 கிராம் புரோமோபென்சீனிலிருந்து செய்த சோதனைப்பொருள் முழுவதையும் பென்சீனாக்கிவிட. என்னைக் கேட்டால் தை முடிந்து மாசி பிறக்கும் காலைப்பொழுதுதான் தோது.

மக்னீசியச் சீவலை அரத்தாளால் தேய்த்து ஒட்சைட்டுப் படையை நீக்குங்கள். கண்ணாடிக் கலங்களைச் சூட்டடுப்பில் காயவைத்து, கல்சியம் குளோரைட்டுக் குழாய் பொருத்தி ஆறவிடுங்கள். ஈதரில் கரைத்த புரோமோபென்சீனில் கொஞ்சத்தை மட்டும் முதலில் விட்டு, ஒரு சின்ன அயடீன் பளிங்கு போடுங்கள். அயடீனின் கபிலம் மங்கி, உலோகத்தின் விளிம்புகளில் குமிழி கிளம்பி, கரைசல் சாம்பல் கலந்த கபிலமாகக் கலங்கினால் தாக்கம் பிடித்துவிட்டது. மிச்சத்தை மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் ஈதர் பொங்கும், பைபீனைல் என்ற வேண்டாத விளைவும் கூடும். பிறகு உலர்ந்த காபனீரொட்சைட்டுச் செலுத்தி அமிலமாக்கினால் பென்சோயிக் அமிலம். போமல்டிகைட்டென்றால் பென்சைல் அற்ககோல், அசற்றல்டிகைட்டென்றால் 1-பீனைல்எதனோல்.

ஏன் புரோமீன், ஏன் குளோரீன் இல்லை? அரைல் குளோரைட்டின் பிணைப்புச் சக்தி மூலுக்கு ஏறத்தாழ 400 கிலோயூல். சாதாரண ஈதரில் மக்னீசியத்துக்கு மசியாது. அயடைட்டு 275 அளவில், இலகுவாக உடையும், ஆனால் விலை கூட. புரோமைட்டு 340 சுற்றி, நடுவில் நிற்கிறது.

இதே நடுநிலைதான் பலேடியம் ஊக்கித் தாக்கங்களிலும் அதைப் பிரபலமாக்கியது. பலேடியம் காபனுக்கும் புரோமீனுக்கும் இடையே நுழைந்து, போரன் சேர்ந்த போரோனிக் அமிலத்திலிருந்து இன்னொரு வளையத்தை வாங்கி, இரண்டையும் இணைத்துவிட்டு வெளியேறும். சுசுக்கியும் மியாவுராவும் 1979 இல் வெளியிட்ட இந்தத் தாக்கத்துக்கு ஈரம் எதிரியல்ல. ஹெக், நெகிஷி, சுசுக்கி மூவரும் 2010 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

வீட்டிலும் வயலிலும்

இருமலுக்குக் கொடுக்கும் புரோம்ஹெக்சின் பாணியின் மூலக்கூறில் ஓர் அனிலீன் வளையமும் அதில் இரண்டு புரோமீனும் இருக்கின்றன. சளியை இளக்கும் அந்த மருந்து, ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற அல்கலொயிட்டை முன்மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. வேலியோர ஆடாதோடையை அவித்துக் குடித்த அப்பாச்சியும் பாமசியில் போத்தல் வாங்குகிற பேரனும் ஒரே பரம்பரை மருந்தைத்தான் தேடியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இழையத்தை இளஞ்சிவப்பாக்கும் இயோசின், நான்கு புரோமீன் ஏறிய புளோரசீன். புரோமோதைமோல் நீலம் பிஎச் 6.0 க்கும் 7.6 க்கும் இடையில் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறும் காட்டி. குளத்துநீர் சோதிக்க உகந்தது. பழைய ரோமாபுரி அரசர்களின் ஊதா நிறம் 6,6'-இருபுரோமோஇண்டிகோ. 1909 இல் பிரீட்லாண்டர் 12,000 கடல்நத்தைகளிலிருந்து எடுத்தது வெறும் 1.4 கிராம்.

கடல் மீனுக்கும் இறாலுக்கும் உள்ள அந்தக் கடல்வாசனையில் புரோமோபீனோல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாசிகளும் கடற்புழுக்களும் அவற்றை ஆக்குகின்றன, அவற்றைத் தின்னும் மீனுக்கும் வந்து சேர்கிறது. நன்னீர் மீனில் அவை கிட்டத்தட்ட இல்லை. இரணைமடுக் குளத்து மீனில் முல்லைத்தீவு மீனின் ருசியைத் தேடினால் கிடைக்காது.

நெல்லில் இலைச்சுருட்டிக்கும் தண்டுதுளைப்பானுக்கும் அடிக்கும் குளோரான்ட்ரனிலிபுரோலிலும் ஒரு புரோமீன் உண்டு, பைரசோல் என்ற ஐந்துறுப்பு அரோமற்றிக் வளையத்தில்.

அளவில் பெரிய பயன் தீத்தடுப்பு. இலத்திரனியல் சுற்றுப் பலகைகளில் நாற்புரோமோபிஸ்பீனோல்-ஏ சேர்க்கிறார்கள். சூடேறினால் அது விடுவிக்கும் ஐதரசன் புரோமைட்டு, சுவாலையைத் தொடரவைக்கும் மூலிகங்களைப் பிடித்து அணைக்கும். இதே குடும்பத்துப் பல்புரோமோ இருபீனைல் ஈதர்கள் கொழுப்பில் தங்கி, உணவுச் சங்கிலியில் ஏறுவதால், அழியாது தங்கும் சேதன மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்ரொக்கோம் உடன்படிக்கை அவற்றில் சிலவற்றை 2009 இலும் தசபுரோமோ வகையை 2017 இலும் பட்டியலிட்டது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியையும் வயரையும் செம்புக்காகக் கொல்லையில் போட்டுக் கொளுத்துவது எங்கள் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அந்தப் புகையில் புரோமீன் ஏறிய டையொக்சின்கள் என்ற நச்சுச் சேர்வைகள் இருக்கும். பழைய இரும்புக்காரனிடம் கொளுத்தாமல் கொடுங்கள்.

கையாளும்போது

திரவப் புரோமீனைப் புகைக்கூண்டு இல்லாத பாடசாலையில் திறக்கவே கூடாது. புரோமீன் நீர் போதும். அதையும் காற்றோட்டமான இடத்தில், காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, கையுறையும் கண்ணாடியும் போட்டுப் பாவியுங்கள். தொடங்கமுன்பே சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல் ஒரு முகவையில் கரைத்து மேசையில் இருக்கவேண்டும்; சிந்தினால் அதை ஊற்றினால் நிறம் போய்ப் புரோமைட்டாகிவிடும். தோலில் பட்டால் உடனே ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, பிறகு ஆஸ்பத்திரி. பென்சீனைப் பாடசாலையில் எடுக்க வேண்டாம், அது புற்றுநோயாக்கி. செய்முறை முடிந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அலசன் கழிவுக்கென்று மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றை ஒதுக்கி, வெளியே பெயர் எழுதி, வெயில் படாத தட்டில் வையுங்கள். எங்கள் பக்கம் பல பாடசாலைகளுக்குக் கிணற்று நீர்தான் குடிநீர்.